ஜீப்புக்கு நகை... எர்த்துக்கு நாமம்!

(மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



மலர்க் குழுவில் "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டதும் எனக்குள் பல தலைப்புகள் ஓடின. 'நாளைய இந்தியா நம் கையில்', 'செல்போன் வரமா, சாபமா?' என்றெல்லாம் எழுத நம்மிடம் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்தது ஜீப். அதுவும் பழைய ஜீப். அதிலும் அதன் வயரிங். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். "ஜீப்பைப் பத்தி மெக்கானிக்கல்காரங்க எழுதட்டுமே, உனக்கு என்னடா வேலை?" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். இன்ஜினும் கியர் பாக்ஸும் அவர்கள் சொத்து, ஒத்துக்கொள்கிறேன். பாட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் நம்ம சொத்து! அதை யாருக்கும் எழுதிக் கொடுப்பதாக இல்லை.

என் சித்தப்பா காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பாட்டரி சார்ஜர், ஒரு மேசை, மேசை முழுக்கப் பழைய டைனமோக்கள். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் செல்ஃப் மோட்டார் சத்தத்தைக் காதால் கேட்டே "புஷ் தேய்ஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். அங்கே நான் பார்த்ததில் மனசுக்கு நெருடலாக இருக்கும் ஒரு விஷயத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். ஏரிக்கரைப் பக்கம் நிலம் வைத்திருப்பவர், செங்கல் சூளைக்காரர், சென்னையிலிருந்து வார இறுதியில் நாகலாபுரம் மலைப்பக்கம் வண்டி ஓட்ட வரும் ஐ.டி. கம்பெனி அண்ணன்கள் என்று பலதரப்பட்டவர்கள். வாங்கிய மறுவாரமே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்குப் போய் ஒரு மூட்டை சாமான் வாங்கி வருவார்கள். எல்.இ.டி. பார், நாலு ஃபாக் லேம்ப், ஏர் ஹார்ன், மியூசிக் சிஸ்டம், சார்ஜர் சாக்கெட், ரிவர்ஸ் கேமரா, வசதி உள்ளவர் என்றால் முன் பம்பரில் ஒரு வின்ச். மூட்டையைப் பட்டறையில் இறக்கிவிட்டு, "அண்ணே, சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தையும் மாட்டிடுங்க" என்பார்கள். கல்யாணப் பொண்ணுக்கு நகை பூட்டுகிற மாதிரி!

அந்தப் பொண்ணுக்கு ரத்த சோகை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். பழைய ஜீப் என்பது ஒரு வண்டி அல்ல, பல தலைமுறைகள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 6 வோல்ட் மின்சாரம்தான். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் அந்த வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு 12 வோல்ட் வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பெட்ரோல் போய் டீசல் வந்தது. 1985-ல் வந்த எம்.எம். 540-ல் பெஜோ டிசைனில் செய்த 2112 சி.சி. டீசல் இன்ஜின். அப்புறம் கமாண்டர், மேஜர், 2010-ல் தார். ஆக, பட்டறை வாசலில் நிற்கும் பழைய ஜீப்பின் வயரிங் என்பது முப்பது வருஷத்தில் முப்பது கை பட்ட ஒரு வரலாற்று ஆவணம். சிவப்பு வயர் எர்த்தாக இருக்கும், கறுப்பு வயர் பாட்டரி பிளஸ்ஸாக இருக்கும். கலரை நம்பினவன் கெட்டான்!

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. பஜேரோவும் இங்கேதான் பூட்டப்பட்டது. 2021 முதல் அதே திருவள்ளூரிலிருந்து சித்ரோயன் கார் வெளிவருகிறது. இதில் ஒரு வேடிக்கை... சித்ரோயன், பெஜோ, 'ஜீப்' என்ற பெயர் மூன்றும் 2021-லிருந்து ஸ்டெல்லான்டிஸ் என்ற ஒரே குடைக்கீழ் வந்துவிட்டன. எம்.எம். 540-ன் இன்ஜின் வம்சமும், ஜீப் என்ற பெயரும் கடைசியில் நம்ம மாவட்டத்தில் வந்து சம்பந்தி ஆகிவிட்டன என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஸ்பேனரை எடு" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஜீப்காரர்கள் சொல்லும் முதல் குறை "ஹெட்லைட் மங்கலா எரியுது". அதனால்தான் எல்.இ.டி. பார் கேட்கிறார்கள். குறை நியாயமானது. தொழிற்பேட்டை தாண்டி ஏரிக்கரைப் பாதையில் ராத்திரி ஓட்டினால் தெரியும், குழி எது மாடு எது என்றே புரியாது. ஆனால் ஏன் மங்கல்? ஒரு நாள் ஒரு எம்.எம். 540 வந்தது. அதன் சொந்தக்காரரும் பார் வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார். இன்ஜின் ஓடும்போது, லைட்டைப் போட்டுவிட்டு, என் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பாட்டரி முனையில் 13.6 வோல்ட். ஹெட்லைட் பல்பின் முனையில் 11.1 வோல்ட். மீதி இரண்டரை வோல்ட் எங்கே போச்சு? திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்!

பழைய ஜீப்பில் ஹெட்லைட் கரண்ட் போகிற வழியைப் பாருங்கள். பாட்டரியிலிருந்து டேஷ்போர்டில் இருக்கும் இழுக்கிற ஸ்விட்ச், அங்கிருந்து இடது காலால் மிதிக்கிற டிம்மர் ஸ்விட்ச், அங்கிருந்து திரும்ப முன்னாடி பல்பு. வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறது. வயரோ மெல்லிசு. காலடியில் இருக்கும் டிம்மரில் முப்பது வருஷ மழையும் சேறும். 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்து சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். இரண்டரை வோல்ட்டை எட்டால் பெருக்குங்கள், 20 வாட். அதாவது நாம் கொடுக்கிற மின்சாரத்தில் 20 வாட் வழியிலேயே வயரையும் ஸ்விட்சையும் சூடாக்குகிறது. டிம்மரைத் தொட்டால் சுடும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்களே, அந்தச் சூடு இதுதான்.

இழை உள்ள பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. சுமார் 3.4-வது அடுக்கில் குறைகிறது. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். 12 வோல்ட்டில் கிடைக்கிற வெளிச்சம் 10.5 வோல்ட்டுக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. எட்டில் ஒரு பங்கு வோல்ட் போனால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போகிறது! அப்புறம் மங்கலாக இல்லாமல் என்ன செய்யும்?

அந்த இரண்டரை வோல்ட்டில் பிளஸ் பக்கம் 1.4, எர்த் பக்கம் 1.1. இந்த எர்த் பக்கத்தைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும்.

வீட்டு வயரிங்கில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. வண்டியில் அப்படி இல்லை. போவதற்குத்தான் வயர், திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பே வழி. சேஸிஸ், ஃபெண்டர், கிரில், போல்ட், நட்டு... இவை எல்லாமே கம்பிதான். ஜீப் என்பது வெயிலிலும் சேற்றிலும் நிற்பதற்கென்றே பிறந்த வண்டி. ஒவ்வொரு மூட்டிலும் துரு. போதாக்குறைக்கு, வாங்கினவர் ஆசையாக ராணுவப் பச்சை பெயிண்ட் அடித்திருப்பார். போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட்! பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஆனால் அதன் மேலேதான் எர்த் வயரைத் திருகி வைத்திருப்பார்கள்.

0.01 ஓம் என்றால் நம் லேபில் பூஜ்யம் என்றே எழுதிவிடுவோம். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.01 ஓமில் 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் 2 வோல்ட்! "பாட்டரி வீக்" என்று புது பாட்டரி வாங்குவார்கள். மூணு மாசம் ஓடும். திரும்பவும் அதே பாட்டு.

இதைவிட மோசம், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய பின்னல் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாவிட்டால் அது தனித்தீவு. இன்ஜின் இறக்கி ஏற்றும்போது யாரோ அதைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் மின்சாரத்துக்கு மறதி கிடையாதே! அது வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கம்பி வழியாகப் போகும். செல்ஃப் அடித்த மாத்திரத்தில் கேபிள் உறையிலிருந்து புகை! கேபிளை மாற்றுவார்கள். அதுவும் கருகும். இரண்டு கேபிள் மாற்றி வந்த ஒரு வண்டியைச் சித்தப்பா பார்த்துவிட்டு, ஒரு பட்டையைப் போட்டு அனுப்பினார். அதற்கு அவர் வாங்கியது சாமான் விலையும் டீக்காசும்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. அதே நாள் இன்னொரு வண்டிக்குப் பார் மாட்டியதற்குத் தனிக் கூலி, ஹார்ன் மாட்டியதற்குத் தனிக் கூலி. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குக் காசு. வண்டியையே காப்பாற்றுகிற வேலைக்கு நாமம்!

இது சித்தப்பா பட்டறைக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. எங்கே போனாலும் இதுதான் கணக்கு. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பெயிண்டை எடுத்து, நல்ல லக் போட்டுக் கிரிம்ப் அடித்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் காசு கேட்டால், "என்னண்ணே, சும்மா ஒரு போல்ட்டைக் கழட்டி மாட்டினதுக்கா?" என்பார்கள். காசு கிடைக்காத வேலையை எவன் செய்வான்? ஆகவே செய்வதில்லை. செய்யாததால் விளக்கு மங்குகிறது. மங்குவதால் இன்னும் நாலு விளக்கு. நாலு விளக்கும் அதே துருப்பிடித்த எர்த்தில். இப்படியே சுற்றுகிறது.

ஆல்டர்னேட்டருக்கு வருவோம். அந்தக் காலத்து ஜீப்களில் இருந்தவை 35, 40 ஆம்பியர் அளவுக்காரங்க. நம்ம பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியின் பெயர் பொறித்ததைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அன்றைய தேவைக்கு அது தாராளம். இன்று 120 வாட் பார் என்றால் 10 ஆம்பியர், நாலு ஃபாக் லேம்ப் 55 வாட் வீதம் 18 ஆம்பியர், ஹெட்லைட் 8, அத்துடன் வைப்பர், மியூசிக்... கூட்டிப் பாருங்கள், சம்பளத்தைத் தாண்டிய குடும்பச் செலவு! மீதிக்குப் பாட்டரி கடன் கொடுக்கும். காலையில் கடன் கழுத்தை நெரிக்கும்.

"அப்போ பெரிய ஆல்டர்னேட்டர் போட்டுடலாம்" என்பார்கள். போடலாம். ஆனால் பழைய ஜீப் டேஷ்போர்டில் ஒரு அம்மீட்டர் இருக்கும். அம்மீட்டர் எப்படி இணைப்போம்? முதல் வருஷ லேபில் மேடம் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது, தொடரில்! சார்ஜ் ஆகிற கரண்ட் முழுவதும் அந்த மீட்டரின் இரண்டு திருகாணி வழியாகத்தான் போகிறது. 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டி, 30 ஆம்பியர் அம்மீட்டரை அப்படியே விட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டின மாதிரிதான். அம்மீட்டரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குத் தடியான கேபிளை நேராக இழுத்து, டேஷ்போர்டில் வோல்ட்மீட்டர் வைப்பதுதான் முறை. பழைய அழகு போகுதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். செத்த அம்மீட்டரை அழகுக்காக அங்கேயே வைத்துக்கொள்ளட்டும், வயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஃபியூஸ் எதற்கு என்று நம் வகுப்பிலேயே கேட்டால் பாதிப் பேர் "பல்பைக் காப்பாத்த" என்பார்கள். இல்லை தோழர்களே, வயரைக் காப்பாற்ற! பல்பு போனால் பல்பு விலை. வயர் எரிந்தால் வண்டி. ஃபியூஸைப் பாட்டரிக்குப் பக்கத்தில் போட வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் அல்ல. பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயரை எந்தச் சாமியும் காப்பாற்ற முடியாது. ஜீப்பில் அந்த வயர் கூர்மையான தகர ஓட்டை வழியாகப் போகும், வண்டி குலுங்கக் குலுங்க அறுக்கும். அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் சில ரூபாய்தான். அதைப் போடுகிறவர்களைத்தான் காணோம். எரிந்த ஃபியூஸ் மேல் சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரிலே பற்றிச் சுருக்கமாக. 30, 85, 86, 87 என்று எண் போட்ட நாலு கால். 85, 86-க்கு நடுவில் ஒரு சுருள், அது கால் ஆம்பியர்கூட இழுக்காது. பழைய ஸ்விட்ச் அந்தச் சுருளை மட்டும் பார்த்துக்கொள்ளும். நிஜக் கரண்ட் பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு வந்து 87 வழியாக நேரே பல்புக்குப் போகும். அந்த எம்.எம். 540-க்கு இதைத்தான் செய்தோம். இரண்டு ரிலே, புது வயர், கிரில்லிலிருந்து பாட்டரி மைனஸுக்கு நேராக ஒரு எர்த். திரும்ப மீட்டர் வைத்தால் பல்பில் 13.1 வோல்ட். அதே பல்பு, அதே கண்ணாடி, வெளிச்சம் சூத்திரப்படி முக்கால் பங்கு கூட. அன்று சாயந்திரம் சுவரில் அடித்துப் பார்த்த சொந்தக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ பார் வேணாமா?" என்றார்.

வேண்டுமா வேண்டாமா என்பதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே 2019-ல் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுவதைத் தடுக்கிறது. 119-வது விதி பல சுருதியில் பாடுகிற ஹார்னைத் தடுக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து பார், ஹார்ன் எல்லாம் கழற்றப்படும், மறுநாள் திரும்ப ஏறும். இந்த நாடகத்தில் வயர் மூட்டுகள் இன்னும் இரண்டு தடவை வெட்டி ஒட்டப்படும். அதுவும் தீக்கு விறகுதான்.

நான் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. எதிரில் வருகிறவர் யார் என்று யோசிக்கிறேன். காக்களூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்ட் விட்டு ராத்திரி சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள் யார்? நம் அப்பாக்கள்தானே! என் அப்பா அங்கே லோடு ஏற்றும் வேலை. மொபெட்டில் வருவார். மொபெட் விளக்கு மின்மினிப் பூச்சி மாதிரி. எதிரே ஜீப்பின் மேலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தால் சில நொடிகளுக்கு ரோடும் தெரியாது, ஓரத்துப் பள்ளமும் தெரியாது. ஹெட்லைட் கண்ணாடி, இழை பல்புக்காக அளந்து செய்தது. இழை இருக்கும் இடத்தில் எல்.இ.டி. பல்பைச் சொருகினால் வெளிச்சம் ரோட்டுக்குப் போகாமல் எதிராளி முகத்துக்குப் போகிறது. ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று இருக்கும். அதனால் அவருக்குச் சந்தோஷம்.

நல்ல சாமான்களும் உண்டு, மறுக்கவில்லை. ஏரிச் சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு வின்ச் உயிர் கொடுக்கும். ஆனால் 8000 பவுண்டு இழுக்கிற வின்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நம்ம 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அதற்கு எம்மாத்திரம்! வேலை செய்வது பாட்டரியும் தடித்த கேபிளும்தான். ஐந்து நிமிஷம் அப்படி இழுத்தால் 33 ஆம்பியர்-மணி காலி. கேபிளில் ஒரு மூட்டு லூசாக இருந்தால் அது வெல்டிங் ராடு. இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டால் பழைய ஃபிளாஷர் கரண்ட் போதாமல் கண்டபடி கண் சிமிட்டும், அல்லது சிமிட்டாது. அதற்கேற்ற ஃபிளாஷர் தனியாக வாங்க வேண்டும். அவ்வளவே.

சரி, இதில் நமக்கு என்ன? இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டினவன் நான் ஒருத்தன்தான். நான் ஞாயிற்றுக்கிழமை கறுத்த கையோடு வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. "சித்தப்பா வேலைக்குப் போகக் கூடாதுன்னுதானேடா உன்னப் படிக்க வெச்சோம்?" என்று கேட்பாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கம்பெனி, யூனிஃபார்ம், பி.எஃப். இதெல்லாம் அவள் கனவு. எனக்கும் அந்தக் கனவு உண்டு. ஆனால் நம்மில் பலர் கம்பெனி இன்டர்வியூவுக்கு ஓம் விதி ஒப்பிப்பார்கள், ஒரு எர்த்தில் எத்தனை வோல்ட் போகிறது என்று அளக்கச் சொன்னால் மீட்டரை எங்கே வைப்பது என்று முழிப்பார்கள். சித்தப்பாவுக்கு ஓம் விதி தெரியாது, ஆனால் எர்த் சரியில்லை என்று கைக்குத் தெரியும். அவர் கையால் சொன்னால் வாடிக்கையாளர் நம்புவதில்லை, காசும் கொடுப்பதில்லை. மீட்டர் சொன்னால் நம்புகிறார்! 11.1 என்ற எண்ணையும் 13.1 என்ற எண்ணையும் பார்த்த பிறகு அந்த எம்.எம். 540-காரர் எர்த் வேலைக்குப் பேரம் பேசவில்லை.

என் கட்சி இதுதான். கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டியது டிப்ளமோ படித்தவன் வேலை. எந்தச் சாமான் மாட்ட வந்தாலும் முதலில் அளவு எடுக்க வேண்டும். பாட்டரியில் எத்தனை, பல்பில் எத்தனை, எர்த்தில் எத்தனை என்று பில்லிலேயே எழுத வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குத் தனிக் கூலி போட வேண்டும், வெட்கப்படாமல். எர்த் சரியாகாத வண்டிக்கு எதையும் மாட்ட மாட்டோம் என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

"நாம மாட்டலன்னா அடுத்த கடையில மாட்டிக்குவான், நமக்குக் கூலி போச்சு" என்கிறார் சித்தப்பா. பொய்யில்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர் அவர். வீட்டு வாடகை எனக்காக நிற்காது. நான் அவருக்குச் சொன்ன பதில், பாரை மாட்டிக் கிடைப்பது ஒரு நாள் கூலி, வயர் எரிந்தால் கடைசியாகக் கைவைத்தவன் யார் என்றுதான் ஊர் கேட்கும் என்பது. அவர் முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் ஏர் ஹார்ன் மாட்டித்தான் கொடுக்கிறார். கண்ணுக்கு அடிக்கிற பார் கொண்டு வந்தால் மட்டும், "முதல்ல ஹெட்லைட்டைச் சரி பண்ணிக் காட்டுறேன், அப்பறமும் வேணும்னா பாக்கலாம்" என்கிறார். அப்புறமும் வேண்டும் என்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள்.

மாணவர் பேரவைக்கும் ஒரு விண்ணப்பம். நம் லேபில் பெரிய மோட்டார்கள் எல்லாம் இருக்கின்றன, வணக்கம். ஆனால் ரோட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகளில் இருப்பது 12 வோல்ட். புதுப்பேட்டையில் தேடினால் பழைய ஜீப் வயரிங் செட் ஒன்று கிடைக்கும். அதை ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, ஸ்விட்ச், டிம்மர், ரெண்டு ஹெட்லைட், ஒரு பாட்டரி வைத்தால் போதும். ஒரு மூட்டில் வேண்டுமென்றே துருப்பிடித்த போல்ட்டைப் போடுங்கள். எங்கே வோல்ட் போகிறது என்று ஜூனியர்கள் தேடட்டும். செலவு பேரவை ஆண்டு விழாப் பந்தலைவிடக் குறைவுதான். மெக்கானிக்கல் தோழர்களும் வரலாம், கதவு திறந்திருக்கும்! பாட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். மோதிரம் போட்டவர்கள் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

சித்தப்பா பட்டறையில் இப்போது பில் புத்தகம் வந்திருக்கிறது. பழைய நாற்பது பக்க நோட்டில் நான் கோடு போட்டுக் கொடுத்தது. முதல் வரி 'எர்த் பார்த்தது'. அதற்கு நேரே தொகை எழுதச் சித்தப்பாவுக்கு இன்னும் கை கூசுகிறது, சில நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். வருகிற ஞாயிறு ஊத்துக்கோட்டை பக்கமிருந்து ஒரு கமாண்டர் வருகிறதாம், கூரையில் ஆறு விளக்கு வேண்டுமாம். மீட்டருக்குப் புது 9 வோல்ட் பாட்டரி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.